அண்ணாச்சி நம்பர்

முப்பிடாதி என்ற பெயரை நான் முதலில் கேட்டது தாராவியில், தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபோது. என் சித்தி மகள் முத்துமாரி அக்கா இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னாள்: “ஏட்டி, என் மவன் வேல்ராஜுக்குப் பொண்ணு அமைஞ்சிட்டு. வள்ளியூர்ப் பக்கம். பேரு முப்பிடாதி.”

“பம்பாய்ல இந்தப் பேர எவன் கூப்பிடப் போறான்?” என்று சிரித்தேன்.

அப்படியேதான் ஆயிற்று. வந்த நாள் முதல் எங்களுக்கு அவள் வேல்ராஜ் பெண்டாட்டி, இந்திக்காரர்களுக்கு பாபி, அதாவது அண்ணி. அவளும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் ஆபீசில் கேட்டால் என் விலாவில் இடிப்பாள். நான்தான் சொல்ல வேண்டும்.

வேல்ராஜ் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வாட்ஸ்அப்பில் அவனுக்கு ஒரு குரூப். நாங்குநேரி, தூத்துக்குடி, துபாய் என்று எங்கெங்கோ இருக்கும் ரிப்பேர்காரர்கள். ஒருவன் பழுதான போனைப் பிரித்துப் படம் அனுப்புவான். இன்னொருவன் அதில் சிவப்பு வட்டம் போட்டு, “இந்த எடத்தப் பாரும்” என்பான். நேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை.

கொரோனா இரண்டாவது அலையில் வேல்ராஜ் போய்விட்டான். ஆறே நாள். எங்களுக்கு முகம்கூடக் காட்டவில்லை.

கடை மேஜைக்குள் பதினொரு போன்கள் கிடந்தன. பத்துப் பேர் பிரித்துப் போட்டது போட்டபடி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆஸியா மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. அவள் மகளுக்கு ஸ்கூலே அந்தப் போனில்தான் நடந்தது. “எப்படியாவது செய், பாபி” என்று இந்தியில் அழுதாள்.

முப்பிடாதி புருஷனுடைய போனை எடுத்தாள். ஆஸியா போனைப் படம் பிடித்து, “சார்ஜ் ஏறல, எங்க பாக்கணும்?” என்று அந்தக் குரூப்பில் போட்டாள். உடனே ஒருவன் கேட்டான்: “என்ன வேல்ராஜ் அண்ணாச்சி, எல்.கே.ஜி. கேள்வி கேக்கீய?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: “கொரோனா வந்துட்டுப் போனதுல எல்லாம் மறந்துபோச்சு.”

அந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். “பொழச்சு வந்தீயளே, அது போதும்.” “வேலைய நாங்க திரும்பச் சொல்லித் தாரோம் அண்ணாச்சி.”

மறந்துபோன மனுஷனுக்குச் சொல்லித் தருவதுபோல அவர்கள் முதலிலிருந்து சொல்லித் தந்தார்கள். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக் கம்பி பட்டு அவள் விரலெல்லாம் கொப்புளம். மூன்றே மாதத்தில் ஆஸியா போன் பேசியது. மூன்று வருடத்தில் துபாய்க்காரனே இவளிடம் சந்தேகம் கேட்டான். “வேல்ராஜ் அண்ணாச்சி கை வெறும் கையில்ல” என்பார்கள். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து அவள் அவனாகப் பதில் எழுதுவாள். “பாத்துச் செய்யும்” என்று முடிப்பது வேல்ராஜ் வழக்கம். இவளும் அப்படியே முடித்தாள். ஒருநாள் பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சின்னத்த, இதுல எது அவிய எழுதுனது, எது நான் எழுதுனதுன்னு எனக்கே வெளங்கல.”

“பயமா இருக்குட்டி. சொல்லித் தொலையேன்.”

“சொன்னா அங்கயும் செத்துருவாவ, சின்னத்த.”

யாராவது பேச வேண்டும் என்றால் தொண்டை சரியில்லை என்று எழுதுவாள். பம்பாய் வருகிறேன் என்றால் முலுண்டில் வேலை, சுனாபட்டியில் வேலை என்று தட்டிக் கழிப்பாள். ஆனால் போன ஆவணியில் அந்தக் குரூப்பில் இருக்கும் நாங்குநேரி நம்பிராஜன் சொல்லாமலே வந்துவிட்டான். தாதரில் ரயிலை விட்டு இறங்கி, கடையை மட்டும் விசாரித்து, அல்வாப் பொட்டலத்தோடு கடை வாசலில் நின்றான். நான் சோற்றுத் தூக்கோடு உள்ளே இருந்தேன்.

“யக்கா, அண்ணாச்சி இருக்காவளா? காலைலகூட எனக்கு ஒரு...”

நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். குரூப்பில் அவன் தினமும் பார்க்கிற அதே படம். மாலை. கீழே தேதி. அல்வாவைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றான்.

“காலைல எனக்குப் பதில் சொன்னது ஆரு?”

“நாந்தான், தம்பி.”

“நாலு வருசமாவா?”

“என் பேர்ல கேட்டிருந்தா சொல்லித் தந்திருப்பீயளா? பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலன்னு சிரிச்சிருப்பீய.”

அவன் அல்வாவை மேஜையில் வைத்தான். “என் வாயில பொய் நிக்காதுக்கா. குரூப்புல நீங்களே சொல்லிருங்க” என்றான்.

அவள் போனை எடுத்து என்னைப் பார்த்தாள். வழக்கம்போல நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் வாயைத் திறக்கவில்லை. குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்: “வேல்ராஜ் நாலு வருசத்துக்கு முன்னாலயே இறந்துட்டாவ. நான் அவிய வீட்டுக்காரி, முப்பிடாதி.” அவள் வாயிலிருந்து புருஷன் பெயரை அன்றுதான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் வரை போன் அடங்கவில்லை. கும்பிடும் கை, அழுகிற முகம். “பொணத்துகிட்டயா பாடம் கேட்டோம்” என்று எழுதிவிட்டு இரண்டு பேர் வெளியேறினார்கள். துபாய்க்காரன் குரல் பதிவில் அழுதான்: “என் பிள்ளைக்குப் பேரு வைக்க அண்ணாச்சிட்டதான கேட்டேன்...” புருஷன் செத்த அன்று அழாத அழுகையை முப்பிடாதி அப்போதுதான் அழுதாள்.

வேல்ராஜ் நம்பரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் நம்பரைச் சேர்த்தார்கள். இருபது நாள் அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தோராம் நாள் நம்பிராஜன் ஒரு படம் அனுப்பினான்: “முப்பிடாதிக்கா, இத எங்க பாக்கணும்?” அவள் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். “பாத்துச் செய்யும்” என்று எழுதப்போய், அழித்துவிட்டாள்.

வேல்ராஜ் போன் அவன் படத்துக்குக் கீழே சார்ஜில் கிடக்கிறது. எப்போதாவது வெளிச்சம் வரும். இன்னும் சேதி தெரியாத யாரோ அண்ணாச்சியைத் தேடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்துவிடுகிறேன்.

முப்பிடாதி இப்போதும் தாராவியில், அதே கடையில்தான் இருக்கிறாள்.