சிம்னிக்குள் கேட்ட பதில்

இது ராத்திரி நடந்ததல்ல. பட்டப்பகல். ராத்திரி நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை. என் மச்சான் எப்படிச் செத்தார் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஹோட்டல் சமையலறைகளில் சிம்னியைச் சுத்தம் செய்வது எங்கள் தொழில். மச்சான் என் மனைவியின் அண்ணன். அடுப்புக்கு மேலே புகையை இழுக்கிற தகரக் கூண்டு இருக்கிறதே, அதன் ஃபில்டர்களைக் கழற்றிக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவது அவர் வேலை. கூண்டிலிருந்து ஒரு பெரிய தகரக் குழாய் மேலே ஏறி, வளைந்து, கூரையோடு ஓடும். அதற்குள் ஊர்ந்துபோய், கெட்டியாகிப்போன எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவது என் வேலை. நான் ஒல்லி, அவர் பீப்பாய். என்னை 'ஓணான்' என்றுதான் கூப்பிடுவார்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. உள்ளே இருக்கும் நான் அவ்வப்போது தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் கூண்டில் இரண்டு தட்டு தட்டிப் பதில் சொல்வார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்று தட்டு கேட்டால் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மச்சான் இரண்டு தட்டோடு நிறுத்தமாட்டார். மோதிரத்தைத் தகரத்தில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். கிர்ர்... எனக்குப் பல் கூசும். அதற்காகவே செய்வார்.

அன்று ஹோட்டலுக்கு வார விடுமுறை. சமையல் மாஸ்டர் கதவைத் திறந்துவிட்டு, முன்பக்க ஹாலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மச்சான் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்ன மச்சான்?"

"நெஞ்சு கரிக்குது மாப்ள. எல்லாம் காலையில உன் பொண்டாட்டி குடுத்த காபி. தங்கச்சியாச்சேன்னு சும்மா விடறேன். நீ ஏறு."

ஏறினேன்.

முதல் தடவை பதில் ஒழுங்காக வந்தது. டொக்... டொக்... கிர்ர். உள்ளிருந்தே திட்டினேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்த தடவை டொக், டொக் மட்டும். கிர்ர் இல்லை. கையுறை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வளைவைத் தாண்டிப் போய்ச் சுரண்டினேன்.

மறுபடி தட்டினேன். பதில் உடனே வந்தது. ரொம்ப உடனே... என் கை தகரத்தை விட்டு விலகுவதற்குள்.

"மச்சான், சுரண்டி மழுங்கிடுச்சு. வேற ஒண்ணு குடுங்க!"

குரல் வரவில்லை. டொக்... டொக்.

"அட, காது கேக்குதா இல்லையா?"

டொக்... டொக்.

போனில் எதையோ பார்த்துக்கொண்டு சும்மா தட்டுகிறார் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது. மழுங்கிய சுரண்டியோடு வெகுநேரம் வேலை செய்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

பிறகு, நான் தட்டாமலேயே வந்தது.

டொக்... டொக்.

சுரண்டுவதை நிறுத்தினேன். மனுஷன் தட்டினால் ஒரு தட்டு பலமாக விழும், ஒன்று லேசாக விழும். இது எல்லாம் ஒரே அளவு.

டொக்... டொக்.

பின்பக்கமாக ஊர்ந்தேன். எப்போதும் வேர்த்துக் கொட்டும் குழாய் அது. அன்று உடம்பு சில்லிட்டிருந்தது.

வளைவு வந்தது.

டொக்... டொக். என் பாதத்துக்குப் பக்கத்தில்.

காலைக் கீழே விட்டேன்.

அடுப்பு மேடை தட்டுப்பட்டது.

சத்தம் நின்றது.

மச்சான் அடுப்புக்குக் கீழே தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. கையில் சூடு இன்னும் போகவில்லை. நான் போட்ட கூச்சலில் மாஸ்டர் ஓடி வந்தார்.

"ஐயையோ! இப்பத்தானே தட்டிட்டிருந்தாரு!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "விழுந்ததும் போகலை. ரொம்ப நேரம் உசிரு இருந்திருக்கு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். மச்சானின் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணன் உங்களக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

காரியம் எல்லாம் முடிந்து, ஹோட்டலுக்குச் சாமான்களை எடுக்கப் போனபோது, மாஸ்டர் கேமராப் பதிவைக் காட்டினார். சமையலறை மூலையில் கேமரா இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. சத்தம் கிடையாது, படம் மட்டும்.

மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். எழ முடியவில்லை. கையை நீட்டி அடுப்பின் இரும்புக்காலைத் தட்டுகிறார். மூன்று தட்டு. மூச்சு வாங்குகிறார். மறுபடி மூன்று தட்டு. மறுபடி... மறுபடி.

அடுப்பும் கூண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைத்தவை. மாஸ்டரை அந்தக் காலைத் தட்டச் சொல்லிவிட்டு, குழாய்க்குள் ஏறிக் கேட்டேன். கணீரென்று கேட்டது.

அன்று எனக்கு அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பதிவு ஓடியது. கூண்டுக்குப் பக்கத்தில் கடைசிவரை யாரும் வரவில்லை. மச்சான் தட்டுவதை நிறுத்துகிறார். மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். மயங்கவில்லை. அண்ணாந்து பார்க்கிறார். கூண்டுக்கு முன்னால், ஆள் நிற்கிற உயரத்தில், வெறும் காற்றைப் பார்க்கிறார். வாய் அசைகிறது. உரிந்த கையைத் தூக்கி எட்டி எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்.

யாருடைய கையையோ... கூண்டில் தட்டவிடாமல் தடுக்கிற மாதிரி.

வீட்டுக்குப் போனதும் மனைவி மறுபடி அதையே கேட்டாள்.

"நெஜமாவே கூப்பிடலையா?"

"இல்ல" என்றேன்.