மேரியக்காவின் பட்டியலில் நான் வெட்டிய வரி

குமரேசன் ஓட்டிச் செல்லும் லாரி புதன்கிழமை காலை ஹைதராபாத்துக்கு அப்பால் ஒரு சுங்கச்சாவடியைக் கடந்திருக்கிறது. கட்டணம் கழிக்கப்பட்டதாக வண்டி உரிமையாளரின் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை நானே பார்த்தேன். இதை எழுதும் புதன் மாலை வரை உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த லாரியை எப்படியாவது நிறுத்தி, ஓட்டுநரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும் என்று தவித்த ஆரோக்கியமேரி, செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். வயது அறுபத்தொன்று. கடலூர் முதுநகரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் இருபத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர்.

செய்தியைச் சொன்னவர் அதே ஆபீஸில் வேலை செய்யும் தனசேகர். காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். மூச்சுக்கூட விடாமல் அடுத்த வாக்கியம் வந்தது: "குமரேசன் இன்னும் போன் எடுக்கல." பழக்கதோஷத்தில் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு மேரியக்காவின் தம்பியைக் கூப்பிட்டு முதலாவதை உறுதி செய்துகொண்டேன். இரண்டாவது இன்னும் அப்படியே இருக்கிறது.

மேரியக்காவை அறிந்தவர்களுக்கும் இந்தக் குமரேசன் யார் என்று தெரியாமல் இருக்கலாம். சேத்தியாத்தோப்புக்காரர். மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூரில் முந்திரிப்பருப்பு ஏற்றிக்கொண்டு அமிர்தசரஸுக்குப் புறப்பட்டார். அவருக்கு இதுதான் முதல் நெடுந்தூர ஓட்டம். கிளீனர் கிடையாது, தனியாகத்தான் போகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நாளிதழில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்துப் பையைக் கட்டியிருக்கிறார். பட்டியல் மேரியக்கா சொன்னது. அதில் இருந்திருக்க வேண்டிய ஒரு பொருள் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

மேரியக்காவை நான் முதலில் பார்த்தது ஒரு டீசல் விலை செய்திக்காகப் போனபோது. உள்ளே ஒருவர் தன் பயணப் பையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் சோதனை என்றுதான் நினைத்தேன். அது அந்த ஆபீஸின் நடைமுறை என்று பிறகு தெரிந்தது. வடக்கே முதல் தடவை போகிற டிரைவர் பையைக் கொட்டிக் காட்டாமல் மேரியக்கா லோடு சீட்டைக் கையில் தரமாட்டார். உரிமையாளர்களும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"ஆறு சட்டை எதுக்குடா? அங்க உன்ன மாப்ள பாக்க வராங்களா?"

"இல்லக்கா, அழுக்கானா மாத்திக்க வேணாமா?"

"அழுக்கோட போனா போலீசு பாவப்பட்டு உட்டுருவான். கம்பளி எங்க?"

"துண்டு இருக்குக்கா."

"துண்டப் போத்திக்கினு பஞ்சாப்பு போறியா? சரி, போன் தொலைஞ்சி போச்சின்னு வை. உன் பொண்டாட்டி நம்பரு சொல்லு."

அவர் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. பெஞ்சில் இருந்த மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "நீ சொல்லு மச்சான், உனக்குத் தெரியுமா?" என்று அவர் திரும்பிக் கேட்டார். அன்று நான் உட்பட அந்த அறையில் இருந்த ஐந்து பேருக்கும் மனைவியின் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. மேரியக்கா ஐந்து சீட்டுகள் கிழித்துத் தந்தார். "எழுதி ரெண்டு எடத்துல வை. ஒண்ணு சட்டையில, ஒண்ணு பையில."

அவர் லாரியில் ஏறியதே இல்லை. "நான் எங்க சார் போனேன்? வேளாங்கண்ணியத் தாண்டினதில்ல. போன்தான் போயிட்டுப் போயிட்டு வந்திச்சி" என்பார். அவருடைய பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளும் ஒரு போன் அழைப்பு. ஒரு மார்கழியில் காடாம்புலியூர் ஆள் ஒருவர் பஞ்சாபிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். பல் தந்தியடித்ததில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்து மேரியக்கா மூன்று தடவை போனை வைத்து வைத்து எடுத்தாராம். கம்பளி அப்படித்தான் பட்டியலில் சேர்ந்தது. தாபாவில் தூங்கியபோது ஒருவரின் லைசென்ஸ் கவரோடு திருடுபோனது. அன்றிலிருந்து எல்லாக் காகிதத்துக்கும் ஜெராக்ஸ், அசலோடு சேராமல் தனியாக. ஊர் திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கணக்கிட்டு மாத்திரை எடுத்துப் போனவர், லோடு இறக்க இடமில்லாமல் இருபது நாள் நின்றார். அன்றிலிருந்து பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு ஜாஸ்தி. தண்ணீர் கேன், சின்ன ஸ்டவ், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், டார்ச், கொசுவலை என்று அது இருபத்தொரு வரியாக வளர்ந்தது.

யாராவது மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிற நேரம் மேரியக்கா உட்காரமாட்டார். ஒரு மதியம் நான் போனபோது டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி நின்றே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. "உக்காருங்கக்கா" என்றேன். "அவன் எறங்கட்டும் சார்" என்றார். போன் அடித்ததும் மூடிகூடப் போடாமல் பாக்ஸைக் கீழே வைத்தார். வேறு யாரோ. மறுபடி கையில் எடுத்து நின்றார்.

அந்தப் பட்டியலை நாளிதழில் போடலாம் என்று சொன்னது நான்தான். ஒரு பிற்பகல் முழுவதும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். போதாதென்று தன் கையாலேயே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். சிதம்பரம் வந்து தட்டச்சு செய்தபோது பக்கத்தில் இடம் போதவில்லை. ஏழு வரிகளை எடுத்தேன்: கோணி ஊசியும் சணலும், மாற்றுக் கண்ணாடி, ரத்த வகை எழுதிய சீட்டு, விசில், கூடுதல் சார்ஜர், குளிருக்குச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் பழைய செய்தித்தாள், இரண்டு கட்டைகள்.

கட்டை என்பது, மேட்டில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் மரத்துண்டு. அதை எடுத்ததற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. கட்டை லாரியின் சாமான். டிரைவரின் சாமான் அல்ல. அது வண்டியிலேயே இருக்கும். இதை நான் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

பதினான்கு வரிப் பட்டியல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. நான் எழுதியவற்றில் அதைப்போல் வேறெதுவும் சுவரில் ஒட்டப்பட்டதில்லை. டீக்கடை, பஞ்சர் கடை, புக்கிங் ஆபீஸ் என்று எங்கும் இருந்தது. சிலர் லேமினேஷன் செய்து வைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சிதம்பரம் கீழவீதியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு மேரியக்கா வந்தார். அவர் ஆபீஸுக்கு லீவு போட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நாளிதழிலிருந்து வெட்டிய பட்டியலை மேசைமேல் வைத்தார்.

"கட்டை எங்க சார்?"

"எடம் பத்தலக்கா. அதான் வண்டியிலயே இருக்குமே."

"கட்டைக்கு எவ்ளோ எடம் ஆயிடும்?"

அவர் நின்றபடியே சொன்னார். கம்மாபுரத்தைச் சேர்ந்த தனசேகர் சுரங்கப் பக்கம் டிப்பர் ஓட்டியவர். அவசரமாக வேறொரு ஆபீஸ் மூலம் லோடு கிடைத்ததால் பேப்பர் பட்டியலைப் பார்த்துப் பையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். நாக்பூரைத் தாண்டி வரும் மலைப்பாதையில், ஏற்றத்தில் காற்று பிரேக் கசிந்து வண்டி நின்றது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். வண்டியில் கட்டை இல்லை. ரோட்டோரம் கல் தேடி எடுத்துவந்து சக்கரத்துக்குப் பின்னால் தள்ளும்போது லாரி உருண்டது. வலது பாதம் நசுங்கியது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்புட்டான் சார். திட்டுவேன்னு பயந்து மொதல்லயே சொல்றான், 'பேப்பர்ல போட்டதெல்லாம் எடுத்துனுதாங்கா வந்தேன்'னு." அந்தப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "வண்டி மொதலாளியோடது சார். அதுல என்ன இருக்கும்னு எவனுக்கும் தெரியாது. பைதான் டிரைவரோடது."

திருத்தம் போடச் சொன்னார். தலைமை அலுவலகத்தில் கேட்டேன். மூன்று மாதப் பழைய செய்திக்குத் திருத்தம் கிடையாது என்றார்கள். ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மேரியக்கா மார்க்கர் பேனா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பட்டியல் ஒட்டியிருக்கிற இடமெல்லாம் போய், அதன் அடியில் விடுபட்ட ஏழு வரிகளையும் எழுதிவிட்டு வந்தார். ஒரு ஞாயிறு நானும் போனேன். சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் பேனாவைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"பேப்பர்ல வந்தத நீங்க எப்படிம்மா மாத்தலாம்?"

"போட்டவரே வந்திருக்காரு. கேட்டுக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க அன்னிக்கே எழுதியிருக்கலாமே சார்? இந்தம்மா இன்னாத்துக்கு வெயில்ல அலையுது?"

மேரியக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கடையில் மட்டும் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். அன்று ஒன்பது இடங்களில் எழுதினோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையன் கைபேசியில் அதே பட்டியலின் போட்டோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தான். அக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்கு எங்க சார் மார்க்கர் போடறது?" என்றார்.

தனசேகர் நடக்கத் தொடங்கியதும் அவரை மேரியக்கா தன் ஆபீஸிலேயே போன் எடுக்க உட்காரவைத்தார். பையைக் கொட்டிப் பார்க்கும் வேலையை இருவரும் செய்தார்கள். சிறுநீரகக் கோளாறால் கடந்த இரண்டு வாரம் அக்கா மருத்துவமனையில் இருந்தார். குமரேசனுக்கு லோடு கிடைத்தது வேறு வழியாக. அவர் பையை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை தனசேகர் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது 'முதல் ட்ரிப்' என்று ஒரு போட்டோ: கட்டிவைத்த பை, பக்கத்தில் அந்தப் பதினான்கு வரி. உடனே கூப்பிட்டிருக்கிறார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மதியத்துக்குமேல் போன் அணைந்துவிட்டது. ஏன் என்று தெரியாது. நான் வெட்டியவற்றில் ஒன்று கூடுதல் சார்ஜர் என்பது மட்டும் தெரியும்.

திங்கள் மாலை நான் பார்க்கப் போனபோது மேரியக்கா படுக்கையில் சாய்ந்து அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் போனை வாங்கி வைப்பார். அவர் கைநீட்டி எடுப்பார். என்னைக் கண்டதும் நலம் விசாரிக்க விடவில்லை.

"நாக்பூர் வரைக்கும் பெரிய ஏத்தம் இல்ல சார். அதுக்குள்ள புடிச்சிரலாம்."

அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் இது.

இன்று காலை, புதன்கிழமை, முதுநகரில் அடக்கம் நடந்தது. ஜெபம் நடக்கும்போதே கல்லறைத் தோட்ட வாசலில் டிரைவர்கள் முறைவைத்து அந்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குமரேசனின் லாரி உரிமையாளரும் வந்திருந்தார். சுங்கச்சாவடிக் குறுஞ்செய்தியை அங்கேதான் காட்டினார்.

"வண்டியில கட்டை இருக்காண்ணா?" என்று தனசேகர் கேட்டார்.

"இருக்குமே. பழைய டிரைவர் வச்சிருந்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. தனசேகர் அந்தப் பழைய டிரைவரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "அது என் கட்டைண்ணே. வண்டிய விட்டு எறங்கும்போது எடுத்துனு வந்துட்டேன். வண்டிதான் மொதலாளியோடது, பை நம்மளதுன்னு மேரியக்கா சொல்லுவாங்கல்ல?"

அவர் சொன்னதில் தவறில்லை. அவர் பையைக் கொட்டிப் பார்த்து அனுப்பியவர் மேரியக்காதான். அந்த லாரியில் கட்டை இல்லை என்பது அந்த நிமிடத்தில் உறுதியானது.

மேரியக்கா கைப்பட எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. இருபத்தொரு வரிகள். இந்த இதழின் ஆசிரியர், ஒரு வரியும் குறையாமல் அதை இந்தக் கட்டுரையின் பக்கத்திலேயே போட ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தாள் அல்ல. காலையிலிருந்து உட்கார முடியவில்லை. இதையும் அலமாரிமேல் நோட்டை வைத்து நின்றுதான் எழுதுகிறேன். அவருடைய அந்த நிற்கும் பழக்கத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

நாக்பூருக்கு முன்னால், நம் பக்கத்து டிரைவர்கள் வழக்கமாகச் சாப்பிட நிறுத்தும் இடத்தில் தமிழர் ஒருவர் மெஸ் நடத்துகிறார். அவருக்கு லாரி எண்ணைக் கொடுத்திருக்கிறோம். இரண்டு கட்டைகள் அறுத்து வாங்கி வாசலில் வைத்துவிட்டதாக மதியம் சொன்னார். குமரேசன் அங்கே நிறுத்துவாரா, அப்படியே தாண்டிப் போய்விடுவாரா என்பது தெரியாது. உரிமையாளரின் கணக்குப்படி வியாழக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் லாரி அந்த இடத்துக்கு வரவேண்டும். மெஸ்காரர் மூன்று மணிக்கே ரோட்டில் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.