வெளியே இருந்த ஃபோல்டர்

எனக்குச் சந்தேகப் புத்தி. மளிகைக் கடையில் பொட்டலம் வாங்கினால் வீட்டுக்கு வந்து மறுபடி எடை போட்டுப் பார்ப்பேன். விழுப்புரம் ஜங்ஷனில் ஒலிபெருக்கி ஆயிரம் சொல்லட்டும், பக்கத்தில் நிற்பவரையும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் இதனால் எனக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவை என் கூட்டாளி என்னை விட்டு விலகிவிட்டான்.

அவனைத் தொண்ணூற்று மூன்றிலிருந்து தெரியும். விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு ஏசி அறைக்குள் போனால், இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார வைப்பார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். கண்டமங்கலத்தில் கரும்பு போடுகிற குடும்பம். நான் ஒரு வரி அடிப்பதற்குள் அவன் மூன்று வரி அடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு அறை பிடித்தோம். கிளினிக்குகளுக்கும் லேப்புகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். எழுதுவது அவன், ஆட்களைப் பார்த்துப் பேசுவது நான். இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

எங்கள் பழைய வாடிக்கையாளர்களில் திண்டிவனத்து லேப் ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனை செய்கிற இடம். அதை நடத்திய அம்மாவுக்கு எங்கள் மேல் நல்ல நம்பிக்கை. அங்கே கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாக உயிரை விட்டபோது, எல்லாவற்றையும் கிளவுட் சர்வரில் ஏற்றிவிடலாம் என்றான் அவன்.

"அந்த சர்வர் எங்க இருக்குது?" என்றேன்.

"மும்பைல."

"மும்பைல எங்க?"

"உனக்கு இன்னாடா, போய்ப் பூட்டு போட்டுட்டு வரப் போறியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து கண்டெய்னர் மென்பொருளை அந்த சர்வரில் நிறுவினான். நம் புரோகிராமையும் அது ஓடத் தேவையானதையும் ஒன்றாகக் கட்டி ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறோம், எந்த சர்வரில் வைத்தாலும் அப்படியே ஓடும் என்று விளக்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் அடித்த ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கற்றுக்கொள்ளும் ஆர்வம் என்று அவன் நினைத்திருப்பான். இல்லை, கண்காணிப்புதான்.

எழுதிக்கொண்டு வரும்போது ஒரு வரி உறுத்தியது. நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாம் டப்பாவுக்குள் இல்லாமல், வெளியே தனியாக ஒரு ஃபோல்டரில் போய்ச் சேரும்படி எழுதியிருந்தான்.

"அது மட்டும் ஏன்டா வெளிய?"

"அது அப்படித்தான் வைக்கணும்" என்றவன், போன் அடிக்கவே எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்ப் பேசினான்.

கொஞ்ச நாளாகவே அவன் என் எதிரில் போன் பேசுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பாண்டிச்சேரி போய் வந்துகொண்டிருந்தான். கேட்டால் வேலை இருக்கிறது என்பான். அங்கே ஒரு கம்பெனிக்காரர் இவனை இழுக்கப் பார்க்கிறார் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எனக்கு அது போதும். ரிப்போர்ட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகத்தான் அந்த ஃபோல்டரை வெளியே வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நகையைப் பீரோவின் உள் லாக்கரில் வைக்காமல் யாராவது கூடத்து அலமாரியில் வைப்பார்களா?

அவன் பாண்டிச்சேரி போயிருந்த ஒரு மத்தியானம், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை அழித்தேன். டப்பாவை மறுபடி கிளப்பி, ரிப்போர்ட்டுகளை எல்லாம் அதற்குள் நகலெடுத்தேன். வெளியே இருந்த ஃபோல்டரை அழிக்கப் பயமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். திண்டிவனத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றார்கள். உள்ளுக்குள் ஒரே பெருமை. அவனிடம் மூச்சு விடவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு காலை, திண்டிவனத்து அம்மாவிடமிருந்து போன்.

"சார், பேஷண்ட்டு வந்து நின்னுகினு இருக்காங்க. ஒரு ரிப்போர்ட்டும் காணோம். மொத்தமும் காலியா இருக்குது."

முந்தைய நாள் சாயங்காலம் அவன் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தான். இரண்டு பேரும் அவன் பைக்கிலேயே திண்டிவனம் ஓடினோம். தினமும் தானாக எடுத்து வைக்கப்படும் பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்தான். பழைய ரிப்போர்ட் எல்லாம் வந்தது. கடைசி நாற்பது நாள் மட்டும் இல்லை. அந்த பேக்கப் இத்தனை நாளும் அந்த வெளி ஃபோல்டரையே நகலெடுத்துக்கொண்டிருந்தது; நான் அந்த வரியை அழித்த நாளிலிருந்து அதில் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

அவன் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஏதேதோ திறந்து படித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பத்திரமாக வைத்ததைக் காணோம் என்றால், கடைசியாகக் கை வைத்தவன்தானே எடுத்திருக்க வேண்டும்?

"யாரு சார் இதைப் பண்ணது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நேத்து இவன்தாங்க கை வச்சான்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "பாண்டிச்சேரில வேற ஆளுங்களோட பேச்சு நடக்குது. எனக்கு ரொம்ப நாளா டவுட்டுதான்" என்றும் சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பஸ்ஸில் விழுப்புரம் திரும்பினேன். லேப்பில் ரிசல்ட் எழுதி வைக்கிற நோட்டுகள் இருந்ததால், இரண்டு பெண்கள் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த நாற்பது நாளையும் மறுபடி அடித்து ஏற்றினார்கள். அந்த அம்மா தெரிந்த டாக்டர்கள் எல்லோரிடமும் அவனைப் பற்றிச் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் அவனுக்கு அப்புறம் யாரும் வேலை தரவில்லை. மறு மாதமே அவன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். "பாத்தியா, நான் சொல்லல?" என்று மனைவியிடம் மார் தட்டினேன்.

உண்மை தெரிய இரண்டு வருஷம் ஆனது. வேறொரு கிளினிக்குக்கு நானே தனியாக ஒரு சர்வர் அமைக்க வேண்டி வந்தது. முதலில் வெறும் பரிசோதனைக்காகப் பொய்ப் பெயர்கள் நாலு போட்டு, அதே நோட்டைப் பார்த்து அதே மாதிரி எல்லாவற்றையும் டப்பாவுக்குள் வைத்தேன். பிறகு புதுப் பதிப்பை ஏற்றினேன். நாலு பெயரும் போயின. மறுபடி போட்டேன், மறுபடி போயின. புதுப் பதிப்பு வரும்போது பழைய டப்பாவை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைப்பதுதான் அந்த மென்பொருளின் வழக்கம். அதனால்தான் சாமான் வெளியே இருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறே கண்டமங்கலம் போனேன். அவன் வீட்டில்தான் இருந்தான். வா என்றான், உட்கார் என்றான். அவன் மனைவி வறுத்த மல்லாட்டைக் கடலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெண்ணுக்குப் பாண்டிச்சேரியில் காலேஜ் முடியப் போகிறது என்றான். அந்தக் காலேஜ் சீட்டுக்காகத்தான் அப்போது அவ்வளவு அலைச்சல் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், அழித்த வரி உட்பட.

"தெரியும்" என்றான். "அன்னிக்கு லேப்புல உக்காந்தப்பவே பார்த்தேன். எந்த வரி போச்சு, என்னிக்கு போச்சு, யாரு லாகின்ல போச்சுன்னு சர்வர்லயே இருந்துச்சு."

"அப்ப ஏன்டா வாயத் தொறக்கல? அந்தம்மா கிட்ட காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? அதையும் நான்தான் எழுதி வச்சேன்னு சொல்லியிருப்ப."

அதையேதான் சொல்லியிருப்பேன்.

திண்டிவனத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லு" என்றான். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான். பஸ் வந்ததும் தோளில் கை வைத்து, "மனசுல ஒண்ணும் இல்லடா, ஜல்தி ஏறு" என்றான்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் கையை ஆட்டினான். அடுத்த நிறுத்தம் வருவதற்குள், அவன் அதை நிஜமாகத்தான் சொன்னானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.