கட்டுபெத்தை பஸ்ஸும் நான் பெயர் கேட்காத பெடியனும்

மகனுக்குக் கட்டுபெத்தை கம்பஸில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளவத்தையில் அறை எடுத்தால் போய்வர வசதியா என்று ஒரு அம்மா இந்த வலைப்பூவில் கேட்டிருந்தார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாதே என்று போன கிழமை நானே காலைப் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தேன். காலி வீதியால் பத்துக் கிலோமீற்றர் அளவு. நெரிசல் இருந்தால் ஒரு மணித்தியாலம். வசதிதான் அம்மா. ஆனால் எனக்குத்தான் அந்தப் பயணம் பழைய கதை ஒன்றைக் கிளப்பிவிட்டது.

போர்க் காலத்தில் முதலாம் வருடம் படிக்க நான் போனதும் இதே வழிதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வெள்ளவத்தையில் அறை எடுத்தேன். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிந்து, பதிந்ததற்கான துண்டு வாங்கவேண்டிய காலம் அது.

"அந்தத் துண்டு எப்பவும் சேட் பொக்கற்றுக்குள்ள இருக்கோணும். பஸ்ஸில தமிழ் கதைக்கப்படாது, விளங்குதோ?" என்றார் மாமா.

"ஓம் மாமா" என்றேன். வாயைப் பூட்டிக்கொண்டேன்.

என் பஸ் தரிப்பிலேயே இன்னொரு பெடியனும் ஏறுவான். கையில் என்னைப் போலவே வரைபடத்துக்கான ரீ-ஸ்குயார். முதல் நாள் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "ஒயாத் கெம்பஸ்த?" என்று கேட்டேன், நீங்களும் கம்பஸா என்று. "ஒவ்" என்று தலையாட்டிச் சிரித்தான். சிங்களப் பெடியன் என்று முடிவு கட்டிவிட்டேன். உச்சரிப்பை எடைபோட எனக்குச் சிங்களம் தெரிந்தால்தானே! அதன்பிறகு தினமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், ஒரு சிரிப்போடு சரி. இறங்கியதும் சீனியர்மாரின் ராகிங்குக்குப் பயந்து ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவோம். அவன் வேறு குழு.

தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு ஆங்கில விரிவுரை ஒரு சொல்லும் ஏறவில்லை. கேட்டுப் படிக்க ஒரு ஆள் இல்லையே என்று அறையில் இருந்து அழுதிருக்கிறேன்.

ஒருநாள் இரத்மலானைப் பக்கம் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் ஏறினார்கள். அடையாள அட்டையை எடுத்தோம். சிங்களவர் அட்டையில் சிங்களம் மட்டும்தான் இருக்கும். அவனுடையதில் தமிழும் இருந்தது, என்னுடையதைப் போலவே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். என்னிடம் பொலிஸ் துண்டு இருந்தது. அவன் பொக்கற், பை எல்லாம் தடவினான், இல்லை. இறங்கச் சொன்னார்கள்.

"ஐயோ, நீங்கள் தமிழே? மாமியிட்டச் சொல்லிவிடுங்கோ!" என்று படியில் நின்று கத்தினான். எந்த மாமி, எந்த வீடு என்று நான் கேட்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

வீடு தெரிந்திருந்தால் அடுத்த தரிப்பில் இறங்கி ஒரு ரெலிபோன் கோல் எடுத்திருப்பேன். கம்பஸில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, ரீ-ஸ்குயாரோடு போகிற பெடியன் என்று சொல்லிக் கடைகளில் விசாரித்தேன். பொழுதுபடும் நேரம்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். துண்டு மேசையிலேயே கிடந்தது. அவன் மாமி அதை எடுத்துக்கொண்டு இரத்மலானைக்கு ஓடியபோது அவனை வேறெங்கோ கொண்டுபோயிருந்தார்கள்.

"'பக்கத்தில ஒரு சிங்களப் பெடியன் இருக்கிறவன் மாமி, அவன் இருந்தா எனக்குப் பயமில்லை' எண்டு சொல்லுவானே தம்பி" என்று மாமி அழுதா.

சில கிழமை கழித்து அவனை வெளியில் விட்டார்கள். வீட்டார் படிப்பு வேண்டாம் என்று ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தேன்.

அம்மா, மகனை நேரத்தோடு ஏறச் சொல்லுங்கள், பிந்தினால் நின்றுகொண்டுதான் போகவேண்டும். கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கி உள்ளுக்கு நடக்கவேண்டும், குடை அவசியம். பக்கத்தில் யார் இருந்தாலும் முதல்நாளே பெயரைக் கேட்டு, எங்கே இருக்கிறான் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

அவன் பெயர் ரமணன். மாமி சொல்லித்தான் தெரியும்.