கொடியேறிய பின் அக்கா கடைக்குப் போகவில்லை

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக்கு வந்து, இருந்து சாப்பிட்டு, வாசலில் இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் படகேறப் போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எனது பணிவான வணக்கம். முன்பக்கங்களில் திருமுறைகள் இருக்கின்றன. அவற்றில் பிழை இராது. இந்தப் பக்கங்கள் மட்டும் என்னுடையவை.

இப்படியான கட்டுரைகளில் போனவரைப் பற்றி நல்லதும், இருப்பவர்களைப் பற்றி அதைவிட நல்லதும் எழுதுவது வழக்கம். அக்காவைப் பற்றி எழுத நான் நல்லதைத் தேடி அலையவேண்டியதில்லை. இருப்பவர்களைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. இருப்பவர்கள் என்றால் நானும் தம்பியும். தம்பியை "அவர்" என்று எழுதிப் பார்த்தேன், மூன்று தரம் வெட்டினேன். அவன் என்றே எழுதுகிறேன். மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அக்கா நயினாதீவில், இறங்குதுறைக்குக் கிட்டிய எங்கள் வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயா படகில் பயணச்சீட்டுக் கொடுத்தவர். அம்மா இறுப்பிட்டியில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அக்காவுக்கு ஐந்து வருடம் இளையவள் நான். எனக்கு மூன்று வருடம் இளையவன் தம்பி. அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வருடத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அக்காவுக்குப் படிப்பில் ஆசையும் இல்லை.

"எனக்கும் சேர்த்து நீ படி. எனக்கு அலுப்படிக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கோயில் வீதியில் ஒரு காப்புக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் படித்து ஆசிரியையானேன். அவர் சொன்னதில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் நின்றார். படகால் இறங்கி வரும் பெண்களின் கையைத் தூரத்தில் கண்டே அளவு சொல்லுவார். எவ்வளவு இறுக்கமான காப்பையும் சவர்க்காரம் போடாமல் ஏற்றிவிடுவார். கை நோகாமல் இருக்கக் கதை கொடுப்பார். கதை முடியும்போது காப்பு மணிக்கட்டில் இருக்கும்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒருநாள் செவ்வாய்க் குற்றம் என்றார். இன்னொருநாள், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்றார். விடாமல் கேட்ட ஒருவருக்கு, "உங்கட மனிசனைப் பாத்த பிறகு எனக்கு அந்த ஆசை விட்டுப்போச்சு" என்றார். அவர் அதன்பிறகு எங்கள் படலையைத் திறக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்து எல்லோரையும் விடக் கூட அழுதார். அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

பட்டுநூல் சுற்றிய காப்பு செய்யத் தொலைபேசியில் பார்த்துத்தான் பழகினார். சேலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் அதே நிறத்தில், அதே கரையோடு நூல் சுற்றித் தருவார். கல்யாண வீடுகளில் அக்காவின் காப்பு பேசப்பட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் புதிதாகத் திறந்த மோலில் ஒரு மணப்பெண்ணைச் சந்தித்துக் காப்புக் கொடுக்கப் போன நாளில்தான், மேல்மாடியில் மின்படி வந்து முடிகிற இடத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு சதுரத்தைக் கண்டார். ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு கதிரையும் கொள்ளக்கூடிய இடம். அதிலேயே அரைமணி நேரம் நின்று, படியால் ஏறி வந்த பெண்களின் கைகளை மட்டும் பார்த்தாராம்.

"முக்கால்வாசிப் பேருக்கு வெறுங்கையடி. எனக்கு அந்த இடம் வேணும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். வேறு எதையும் அக்கா "எனக்கு வேணும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மோல் முகாமையாளர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். விதிகளை வாசித்தார். நெஞ்சளவுக்கு மேல் எதுவும் அடுக்கக்கூடாது. நிலத்தில் இருந்து வேலை செய்யக்கூடாது. கற்பூரம் கொளுத்தக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது.

"கும்பிடலாமோ, தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"கும்பிடலாம் அம்மா. மணி அடிக்க ஏலாது."

திறப்பு நாளன்று வாகனத் தரிப்பிட வாசலில் அக்கா சிதறுதேங்காய் அடித்தார். ஓடி வந்த காவலாளி பேச வாயெடுத்தார், காலடியில் விழுந்த ஒரு தேங்காய்ச் சொட்டைப் பார்த்தார், எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரத்துக்குள் பதினொரு கைகளுக்குக் காப்பு ஏறியது. நாற்பத்தாறு வயதில் அக்கா தனக்கென்று திறந்த கடை அது. கொக்குவிலில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். மாதத்தில் ஒருநாள் ஊருக்கு வருவார். வந்தாலும் மடியில் நூற்கட்டை இருக்கும்.

இன்னுமொரு விதி இருந்தது. பெட்டிக்கடையை ஒருநாளும் பூட்டக்கூடாது, தொடர்ந்து மூன்று நாள் பூட்டினால் இடம் போய்விடும். எங்கள் வீட்டு வழக்கமோ, அம்மன் கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை தீவை விட்டு வெளிக்கிடுவதில்லை. அக்கா அந்த நாட்களில் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, அன்னதான மடத்தில் மரக்கறி வெட்டுவார். தொலைபேசியை நிறுத்தி என் அலுமாரிக்குள் வைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் கடையில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பட்டினத்தில் சிநேகிதன் ஒருவனுடைய கடையில் தொலைபேசி திருத்திக்கொண்டிருந்த தம்பி, "நான் நிக்கிறன் அக்கா" என்றான்.

முகாமையாளர் கடிதம் கேட்டார். அக்கா என்னிடம் எழுதச் சொன்னார். "நான் இல்லாத நாட்களில் என் தம்பியின் முடிவே என் முடிவு" என்று எழுதினேன். "வடிவா எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். அந்த வசனம் என்னுடையது. இப்போது அதை நினைத்தால் என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதல் இரண்டு வருடமும் தம்பி ஒழுங்காக நின்றான். அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் வருடம், கொடியேறி ஐந்தாம் நாள் பின்னேரம், நான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது தொலைபேசி எடுத்தான்.

"சின்னக்கா, மோலில கீழ்மாடியில எனக்கு ஒரு கடையறை தரப்போகினம். ஆனா அக்கான்ர இடத்தை விடவேணுமாம். வாசனைத் தைலக் கொம்பனி ஒண்டு அதைக் கேக்குது. நான் கையெழுத்து வைச்சிட்டன்."

"அக்காட்டக் கேட்டனியோ?"

"எப்பிடிக் கேக்கிறது? அவ விரதமெல்லோ. நீயும் சொல்லிப்போடாதை. கேட்டால் மனம் குழம்பி விரதத்தைக் குலைச்சுப்போடுவா. தீர்த்தம் முடியட்டும், நானே வந்து சொல்லுறன். அவவுக்கு என்ர கடையில ஒரு மூலை குடுப்பன்தானே."

"மூலையோ? அது அவவின்ர கடையடா!" என்று கத்தினேன். வாயில் வந்தபடி ஏசினேன். ஏசி முடித்து, தொலைபேசியை வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு மடத்துக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அக்கா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தலையிடி அக்கா."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் படு, போ" என்றார்.

விரதத்தில் நிற்பவருக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊரில் எவரும் எழுதி வைக்காத சட்டம். இழவுச் செய்தியைக்கூடத் தீர்த்தம் முடியும்வரை ஒளித்து வைத்தவர்கள் நாங்கள். அதைச் செய்தவர்களைப் புண்ணியவாளர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். நானும் புண்ணியம் செய்வதாகவே நினைத்தேன். கையெழுத்து வைத்தாகிவிட்டது, இனி என்ன அவசரம் என்றும் நினைத்தேன். அந்த முகத்துக்கு முன்னால் அதைச் சொல்லுகிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. தம்பிக்கு அது தெரியும். எங்கள் இருவரையும் வளர்த்த விரதத்தையே எடுத்து என் வாயைக் கட்டினான்.

தீர்த்தத்துக்கு அவன் வரவில்லை. மறுநாள் முதல் படகில், குங்குமமும் பிரசாதமும் கட்டிக்கொண்டு அக்கா வெளிக்கிட்டார். நானும் போனேன். படகிலும் சொல்லவில்லை, பஸ்ஸிலும் சொல்லவில்லை. அங்கே அவன் சொல்லுவான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மின்படியால் மேலே வந்ததும் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு எங்களிடம் வாசனைத் தைலம் தெளித்த ஒரு கடதாசித் துண்டை நீட்டினாள். அக்கா அதை வாங்கி, மரியாதைக்காக மணந்து பார்த்தார்.

"நல்ல மணம். இதில இருந்த காப்புக் கடை எங்க பிள்ளை?"

"அது எடுத்திட்டினம் அன்ரி."

அக்காவின் காப்புகள் கழிப்பறைக்குப் போகும் வழியில் நான்கு அட்டைப்பெட்டிகளில் இருந்தன. மேற்பெட்டி ஈரத்தில் ஊறி, சிவப்பு நூலின் சாயம் மஞ்சள் நூலில் இறங்கியிருந்தது. அக்கா ஒரு காப்பை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

முகாமையாளர் எங்களை இருத்தி, மேசையில் ஒரு தாளை வைத்தார்.

"அம்மா, நாங்கள் ஏழு நாள் அறிவித்தல் ஒட்டி வைச்சனாங்கள். போனுக்கும் எடுத்தனாங்கள், நிப்பாட்டிக் கிடந்தது. அதுக்குள்ள நீங்கள் ஒருக்கா வந்து, விருப்பமில்லை எண்டு ஒரு வசனம் எழுதித் தந்திருந்தால் காணும். இடத்தைக் குடுத்திருக்க மாட்டம்."

தாளில் இருந்த அறிவித்தல் திகதியைப் பார்த்தேன். தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்ததற்கு முதல் நாள் அது. அவன் பேசியபோது இன்னும் ஆறு நாள் இருந்தது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவன் எனக்குச் செய்த துரோகம். அந்த ஆறு நாளும் ஒவ்வொரு காலையும் இறங்குதுறையில் இருந்து படகு போனது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஏதும் சொன்னவனோ?"

"இல்லை அக்கா" என்றேன்.

அக்கா எழும்பினார். கீழ்மாடியில் தம்பியின் கடைக்குப் பச்சை வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அவன் எங்களைக் கண்டு ஏணிக்குப் பின்னால் ஒதுங்கினான். அக்கா கிட்டப் போய்க் குங்குமப் பொட்டலத்தை நீட்டினார். "இந்தாங்கோ. தீர்த்தக் குங்குமம். வீட்டை கொண்டுபோங்கோ" என்றார். பிறந்த நாளிலிருந்து அவனை "ராசா" என்றும் "டேய்" என்றும் கூப்பிட்ட அக்கா, அன்றிலிருந்து கண் மூடும் நாள்வரை அவனை "நீங்கள்" என்றுதான் கதைத்தார். அக்கா பெரிய மனதோடு மன்னித்துவிட்டார் என்று செத்தவீட்டில் சிலர் சொல்லக் கேட்டேன். மன்னிக்கவில்லை. கதைத்தார், அவ்வளவுதான்.

அதன்பிறகு கோயில் வீதியில் பழைய கடைக்கே போய் நின்றார். அறிந்தவர்கள் பட்டினத்தில் இருந்தும் தேடி வந்தார்கள். நூல் சுற்றச் சொல்லிச் சேலைத் துண்டு கொடுத்தால், "கண் விளங்கேல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் வயிற்றில் நோய் கண்டது. தம்பி வாகனம் பிடித்தான், பெரிய வைத்தியர்களிடம் கொண்டுபோனான், ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அழுதான். கொள்ளியும் அவன்தான் வைத்தான். அவன் அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஏணிக்குப் பின்னால் ஒதுங்கியதும் பொய்யில்லை.

கடைசிக் கிழமையில் ஒரு காலை, ஆஸ்பத்திரியில் நான் தலை வாரிவிடும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய். இரண்டேகால் காப்பும் உனக்கு இப்ப பெரிசு" என்றார். பிறகு, "ஆர் என்ன செய்தாலும், நீ ஒருத்திதான் எனக்கு ஒண்டும் ஒளிக்காதனி" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். கட்டிலடியில் வேறு ஒருவரும் இல்லை. சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டு நின்றேன். நான்கு நாளில் அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தோளில் சுமந்து படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்த இறங்குதுறைத் தம்பிமாருக்கும், வார்ட்டில் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், எட்டாம் நாளுக்கும் அந்தியேட்டிக்கும் சமைத்த அயலவருக்கும், மோலில் அந்த நான்கு பெட்டிகளையும் தன் முதுகில் தூக்கி பஸ்வரை கொண்டுவந்து தந்த காவலாளி ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேங்காய்ச் சொட்டுத் தின்றவர் அவர்தான்.

"நல்லா எழுது சின்னக்கா" என்று சொல்லி இந்த மலரின் பொறுப்பை என்னிடம் விட்ட தம்பிக்கும் நன்றி. அவனைப் பற்றி எழுதியதை அவன் பொறுக்கமாட்டான். என்னைப் பற்றி எழுதியதைப் படித்த நீங்கள், இறங்குதுறையில் என்னைக் கண்டால் கதைக்காமல் போனாலும் நான் குறை நினைக்கமாட்டேன். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தப் பக்கங்களை யாராவது ஒருவர் அக்காவின் படத்துக்கு முன்னால் வாய்விட்டு வாசியுங்கள். எனக்கு ஏலாது.

அக்கா, அண்டைக்குக் கேட்டீங்களெல்லோ.

ஓம் அக்கா. எனக்குச் சொன்னவன்.