டென்மார்க் நாடகமும் முசஃபா ஜாயிண்ட்டும்

பிள்ளைகளே, உங்களையும் அம்மாவையும் அபுதாபிக்கு அழைத்துவர எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதை நானே கெடுத்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் கொதிக்கிறது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். அபுதாபிப் பக்கம் முசஃபா தொழிற்பேட்டையில் குழாய் வெல்டராக இருந்தேன். எங்கள் பட்டறைக்கு டென்மார்க்கிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். 'சார்' என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பார். எங்களோடு அட்டையை விரித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். தன் ஊர் டிவி நாடகம் ஒன்றின் டிவிடியை நாங்கள் தங்கியிருந்த கேம்புக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் பார்த்தோம். திரையின் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை என் ரூம்மேட் படித்துச் சொல்வான்.

அதில் ஒரு பெண் போலீஸ் கொலைகாரனைப் பிடிக்கிறாள். மறுநாள் ஆபீஸில் ஒரு கைதட்டல் கிடையாது. எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். 'நான்தான் துப்பு கண்டுபிடித்தேன்' என்று பீற்றிய இன்னொருவனோடு யாரும் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"என்னடா இது, எழவு வீடாட்டம்?" என்றேன்.

"மாப்ள, அவங்க ஊர்ல நான் ஒசத்தின்னு காட்டிக்கிட்டா ஆகாதாம். உன்னைய மாதிரி ஊமைக்குத்தான் அங்க மரியாதை," என்று சிரித்தான்.

எனக்கு அது பிடித்துப்போனது. என் வாய்ப்பு போய்த் தொலைந்தது அங்கேதான்.

எக்ஸ்ரே சோதனையில் இரண்டு முறை தோற்ற ஒரு குழாய் ஜாயிண்ட்டை வெட்டியெடுத்து, மூன்று நாள் குனிந்தே கிடந்து மறுபடி பற்றவைத்தேன். பாஸானது. அப்போது வெல்டர்களை மேய்க்கும் சார்ஜ்ஹேண்ட் வேலை காலியாக இருந்தது. அது கிடைத்தால் குடும்ப விசா உண்டு. இன்ஜினியர் வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

நாடகத்தை நினைத்துக்கொண்டு, "எல்லாரும் சேர்ந்துதான் சார்," என்றேன்.

பக்கத்தில் நின்ற சீனியர் வெல்டர், "மீ சார். மை ஒர்க்," என்றார்.

வேலை அவருக்குப் போனது.

"அண்ணே, மனசாட்சி இருக்கா?" என்று அவரிடம் பாய்ந்தேன்.

"ஒன் வாய நானாடா பொத்துனேன்? கேட்டாரு, சொன்னேன். போடா."

இன்ஜினியரிடம் போய், "என் கை சார், என் ஜாயிண்ட்," என்று கத்தினேன். தன் ஊரில் செய்யாததைச் செய்தேன் என்று யாரும் சொல்லமாட்டார்களாம், அதனால் சீனியர் சொன்னதை நம்பினாராம். என் முதல் பதில்தான் அவருக்கு ரொம்பப் பிடித்ததாம். இப்போது கத்துவது அழகில்லையாம்.

அழகு! தரையிலிருந்து எழுந்தால் அவருக்கு வில்லா இருந்தது, அதில் மனைவி மக்கள் இருந்தார்கள். இறங்கி உட்கார அவருக்கு ஓர் உயரம் இருந்தது. அடுக்குக் கட்டிலில் படுத்தவனுக்கு எதற்கு அந்த அடக்கம்?

அன்று சாயங்காலம் ஊருக்கு போன் செய்தேன். விசா வரும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். மகளே, நீதான் எடுத்தாய்.

"ஏம்ப்பா, விசா வரலையா?"

"கம்பெனில ரூல மாத்திட்டாங்கம்மா," என்று பொய் சொன்னேன்.

"சரிப்பா, பரவால்ல," என்றாய், எட்டு வயதில். எனக்கு யார் மேலும் வராத ஆத்திரம் அந்தச் சொல்லின் மேல் வந்தது. நீ அழுது, கத்தி, என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும்.