‘வரை’க்காக மல்லுக்கு நின்ற அண்ணி

என் அண்ணிக்கு ஆபீசில் ஒரே வேலைதான். கையெழுத்தான மூலத்தையும் அச்சுக்குப் போகும் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, அடியில் சுருக்கொப்பம் போடுவது. அது இல்லாத தாளை அச்சகத்தில் கையால் தொடமாட்டார்கள். இருபத்தாறு வருஷம் இதைத்தான் செய்தார். நான் அதே ஆபீசில் பியூன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். வீட்டில் அண்ணி, ஆபீசில் மேடம். வாய் தவறினால் முறைப்பார்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே முதல் போட அனுமதி கொடுக்கிற ஆபீஸ் அது. வரி குறைவான நாட்டிலிருந்து வருகிற கம்பெனி, உண்மையான முதலாளி யாரென்று எழுதித் தந்தால்தான் எதையும் வாங்க முடியும். சரி, எது வரி குறைவான நாடு? ஒரு தேசம் பேர் பேராகப் பட்டியல் போடுமாம். இன்னொன்று, கேட்ட விவரத்தை அந்த நாடு ஒளிக்காமல் கொடுக்கிறதா என்று பார்க்குமாம். எங்கள் கமிட்டி சதவீதத்தால் அளந்தது. கம்பெனி லாபத்தில் ‘பத்து சதவீதம் வரை’ வரி வாங்குகிற நாடெல்லாம் பட்டியலுக்குள். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

நகல் வந்தது. அதில் ‘பத்து சதவீதத்துக்குக் கீழ்’ என்று இருந்தது.

சரியாகப் பத்தே வாங்குகிற தீவு ஒன்று உண்டு. அங்கே பேர்ப்பலகை மட்டும் வைத்திருக்கும் ஒரு கம்பெனி எங்கள் துறைமுகத்தை விலை பேசிக்கொண்டிருந்தது. ‘கீழ்’ என்று அச்சானால், முதலாளி முகத்தைக் காட்டாமலே வாங்கிவிடலாம்.

அண்ணி சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்பினார். டைரக்டர் கூப்பிட்டுவிட்டார்.

“ஒரு வார்த்தைம்மா, ரெண்டே எழுத்து. இதுக்குப் போயி இந்தப் பாடா?”

“உங்க பேர்லயும் ரெண்டெழுத்த எடுத்துட்டுப் பலகை மாட்டலாமா சார்?”

டீ கிளாஸை எடுக்கிற சாக்கில் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு தாங்கவில்லை.

“கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல கீழ ரெக்கார்டு ரூமுக்குப் போறீங்களா?”

“போடுறேன் சார். பேனா குடுங்க.”

எனக்குத் திக்கென்றது. அண்ணியா இப்படி? அவர் குனிந்து நிதானமாக எழுதினார்: ‘மூலத்தில் வரை என்று உள்ளது. நகல் ஒத்துப்போகவில்லை.’ அடியில் சுருக்கொப்பம், தேதி. நம்பர் போட்ட தாள். கிழிக்கவும் வழியில்லை, ஒளிக்கவும் வழியில்லை.

டைரக்டர் முகம் கறுத்துப்போனது. சாயங்காலத்துக்குள் புது நகல் ‘வரை’யோடு வந்தது. அண்ணி ஒப்பமிட்டார், நானே சைக்கிளில் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். தீவு பட்டியலில் ஏறியது. முதலாளி பேரைச் சொல்வதைவிடத் துறைமுகமே வேண்டாம் என்று அந்தக் கம்பெனி நடையைக் கட்டியது.

அண்ணிக்கு அந்த வாரமே மாற்றல். ரெக்கார்டு ரூம் தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது, ஃபேன் சுற்றுவதைவிடக் கத்துவதுதான் அதிகம். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான்தான் படியிறங்கினேன்.

“இந்தப் பொந்துல தள்ளிட்டானே அந்தாளு! நாசமாப் போக. நீங்க சும்மா இருக்கீங்களே அண்ணி?”

“மேடம்னு சொல்லு. ஆபீஸ் இது.”

அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ஆபீஸ் திறந்த நாளிலிருந்து கையெழுத்தான மூலம் அத்தனையும் அங்கேதான் கட்டுக்கட்டாக இருக்கிறது.

“நாற்காலிய வாசல்ல போடு. மூலமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். இனிமே எவன் வந்து எத மாத்துறான்னு பாத்துடுறேன்.”

வாசலை நன்றாக மறித்தே போட்டேன்.